விடியற்காலைப் புகை போன வழி

தம்பியின் மூக்கைத் துடைத்தபோது துணியில் கறுப்பு ஒட்டியது.

மண் இல்லை. அடுப்புக்கரியை விரலால் தேய்த்த மாதிரி... மூக்கின் உள்ளேயிருந்து வந்தது.

என்னோடு வளர்ந்த நீங்களெல்லாம் வேறு தோட்டங்களுக்கு மாறிப் போன பிறகு நடந்தது இது. நேரில் எனக்கு வாய் வராது என்று உங்களுக்குத் தெரியுமே. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. தம்பி முருகேசு பிறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டாயிற்று. அம்மா ரப்பர் வெட்டப் போவாள். வெயிலுக்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டு கலையும் முன்பே தம்பியை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, நான் ரப்பர் ஸ்டோருக்கு ஓடுவேன். செல்லம்மா அத்தையோடு உட்கார்ந்து, புகைபோட்ட ரப்பர் சீட்டுகளை நிறம் பார்த்துப் பிரிப்பது என் வேலை.

பிள்ளைக்காம்பரா ஞாபகம் இருக்கிறதா? சீட்டுக்குப் புகைபோடும் புகைவீட்டுக்குக் கீழே, பள்ளத்தில், அந்த ஓலைக்கொட்டகை...

தம்பிக்கு இருமல் நிற்கவே இல்லை. இருமி இருமிக் குடித்ததையெல்லாம் கக்கிவிடுவான். நெஞ்செலும்பை எண்ணலாம். அம்மா பனி என்றாள். பிள்ளைக்காம்பரா ஆயாம்மா பல் முளைக்கிறது என்றாள்.

அந்த மாதம்தான், கொட்டகையைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் கல்லுக் கட்டடம் கட்டப் போவதாகச் சொன்னார்கள். கல்லும் வந்து இறங்கியது. கல்லில் கட்டிவிட்டால் அப்புறம் யார் மாற்றப்போகிறார்கள்?

புகைவீட்டுப் புகைதான் கொட்டகைக்குள் வருகிறதோ என்று அத்தையிடம் மட்டும் சொன்னேன்.

"பொக மேலதானடி போகும்? எறங்கி வந்து ஒன் தம்பியத் தேடுதாக்கும்!" என்று சிரித்தாள்.

பகலில் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். புகை மலைப்பக்கம்தான் ஏறிப் போனது. ஆனால் துணியில் கறுப்பு இருந்ததே...

புகைவீட்டுக்குள் வெள்ளையாகப் போகிற சீட்டு பழுப்பாக வருகிறது. எத்தனை நாள் புகை என்று நிறமே சொல்லிவிடும். அப்படியானால் வெளியில் வைத்தாலும் சொல்லும் அல்லவா?

அம்மாவின் வாளியில் அடியில் ஒட்டியிருந்த பாலை வழித்து, மூன்று தகரமூடிகளில் மெல்லிசாகத் தடவிக் காயவைத்தேன். ஒன்றைப் பிள்ளைக்காம்பரா வாசலில் வைத்தேன். ஒன்றைப் புகைவீட்டுக்கு மேலே பாறையில். இன்னொன்றை ஓடைக்கு அந்தப்பக்கம், பலாமரத்து மேட்டில்.

முதல் தடவை ஏமாந்துபோனேன். வெயில் வந்த பிறகு வைத்துச் சாயங்காலம் எடுத்தேன். பாறை மூடிதான் மங்கியிருந்தது. பிள்ளைக்காம்பரா மூடியும் மேட்டு மூடியும் வெள்ளை.

தம்பியோ அன்றைக்கும் இருமினான்.

மறுநாள் அவனை விட்டுவிட்டு உடனே ஓடாமல் நின்று பார்த்தேன். புகைவீட்டுக் கூரையிலிருந்து வந்த புகை ஏறவே இல்லை. குளிரில் கனத்துச் சரிவில் வழிந்து, பனியோடு பனியாகப் பள்ளத்தில் தேங்கியது. வெயில் பட்ட பிறகுதான் எழுந்து மலையேறியது. கட்டடத்துக்கு இடம் பார்த்தவர்கள் எல்லாரும் வெயில் வந்த பிறகு வந்தவர்கள்!

அதற்குப் பிறகு ஒரு வாரம், தம்பியை விடும்போது மூடிகளை வைத்து, வெயில் வந்ததும் ஓடிப்போய் எடுத்து மூடிவைத்தேன். பிறகு பாலை உரித்து, சீட்டு பிரிக்கும் மேசையில் மூன்றையும் வைத்தேன். மேட்டில் வைத்தது இந்தத் தடவையும் வெள்ளைதான்.

அத்தை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "யாருடி இத அரப் பொகையில எடுத்தது? இன்னும் உள்ள தொங்கணும்."

"அது உள்ள தொங்கல அத்தை. பிள்ளைக்காம்பரா வாசல்ல இருந்துச்சு."

சீட்டில் அழுக்கு வெட்டும் அத்தையின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. அவளுடைய கைக்குழந்தையும் அங்கேதான்.

அந்த நேரம் பார்த்து, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஐயா வந்தார். "என்னா இது? திருட்டுப் பாலா?"

 பால் எடுத்த குடும்பத்தைத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

"வாளி வழிச்ச பாலுங்க ஐயா," என்றாள் அத்தை. "மொதல்ல நெறத்தப் பாருங்க. பொகவீட்டுக்குப் போகாமலே வெந்திருக்கு. நம்ம புள்ளைங்க நெஞ்சு எப்படி இருக்குமுங்க?"

"பொக மேலதான் போகுது. நான் தெனம் பாக்குறேனே!"

பெரட்டுக்களம் மலைக்கு அந்தப்பக்கம். அங்கே வேலையாட்களின் பேர் கூப்பிட்டு முடித்து, வெயில் ஏறிய பிறகுதான் அவர் இந்தப்பக்கம் வருவார். எப்படி வந்ததோ தெரியாது, என் வாயிலிருந்தே வந்தது. "நாளைக்குப் பெரட்டுக்கு முன்னாடி வாங்க ஐயா."

"எனக்கே நேரம் குறிக்கிறியா நீ?" என்று முறைத்துவிட்டுப் போனார்.

ஆனால் வந்தார். பள்ளத்தில் இறங்கி நின்றார். கொஞ்ச நேரத்தில் இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொட்டகைக்குள் குழந்தைகளும் இருமிக்கொண்டிருந்தார்கள்... 

"அப்ப எங்கதான் கட்டுறது? தொரைகிட்ட நான் என்னான்னு சொல்ல?" என்று கேட்டார்.

இப்போது பலாமரத்து மேட்டில் கல்லுப் பிள்ளைக்காம்பரா நிற்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. முருகேசு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறான். மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் இருமுவான். துணி காயப்போடும் அக்காமார், "இன்னிக்குப் பொக எந்தப் பக்கம்டி?" என்று என்னிடம் கேட்கிறார்கள்.

பழைய பள்ளத்தில் வல்லாரையும் புல்லும்தான். அந்தப்பக்கம் போனால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருவேன். நீங்களும் நானும் தவழ்ந்த இடம் அல்லவா... நமக்கும் அதே இருமல் இருந்ததாம். அம்மா இப்போதுதான் சொல்கிறாள்.

அந்தக் காலையில் எங்கே கட்டுவது என்று ஐயா கேட்டார் அல்லவா?  கணக்கப்பிள்ளைக்கு முன்னால் நாம் யாரும் நடப்பதில்லை, அவர் வந்தாலே பாதையை விட்டு ஒதுங்கி நிற்போம்.

நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவருக்கு முன்னால் ஓடையைத் தாண்டி, மேட்டில் ஏறினேன்.