மத்தியானம் வரை மெத்தென்று ஒரு ரொட்டி

சப்பாத்தி மாஸ்டரைக் கூப்பிட்டு, கோதுமையே இல்லாமல் சப்பாத்தி போடு என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் ஆந்திர எல்லையில் இருக்கிற ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி செக்ஷனைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன். கேட்டரிங் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு உபயோகப்படட்டும் என்று இதை எழுதுகிறேன். கோதுமை தவிர வேறு மாவை நான் மாவாகவே மதித்ததில்லை. அந்தத் திமிர் போன கதை இது.

சுமதி அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிற பெண். புத்தூரில் எனக்கு அடுத்த தெரு. புருஷன் லாரி டிரைவர், வந்தால் வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது படிக்கிற மகள் கீர்த்தனாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மாஸ்டர், திருப்பதி டாக்டரு பாப்பாவுக்குக் கோதுமையே ஆவாதுன்ட்டாரு. அதுல குளூட்டன்னு ஒண்ணு கீதாம். துளி உள்ள போனாலும் குடல் புண்ணாவுதாம். அதான் பாப்பா வளரவே மாட்டேங்குது."

"அப்போ சோறு போடும்மா. நம்ம ஊர்ல சோத்துக்கா பஞ்சம்?"

"வூட்ல துன்னுது. ஸ்கூலுக்கு எடுத்துக்கினு போவ மாட்டேங்குது. அங்க எல்லாப் புள்ளைங்களும் சப்பாத்தி ரோலாம். ராகி ரொட்டி சுட்டுக் குடுத்தேன். அத்த மூடி வெச்சுட்டு, பக்கத்துல குந்திக்கினு இருக்கற பொண்ணுகிட்ட சப்பாத்தி வாங்கித் துன்னுட்டு வந்துட்சு. அன்னிக்கு டிரிப்ஸ் ஏத்தற வரைக்கும் போய்டுச்சு. இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா, வேலைய வுட்டுட்டு நான் ஸ்கூல் வாசல்லயே குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்."

அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது. நான் கீர்த்தனாவைப் பார்த்தேன். வயதுக்கு ஒரு சாண் குறைவான பிள்ளை. ஆனால் பேச்சு பர்ச்சேஸ் மேனேஜர் பேச்சு.

"கல்லு மாதிரி இருக்கக் கூடாது தாத்தா. சுருட்டுனா உடையக் கூடாது. வெள்ளையா இருக்கணும்."

சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்பளம்

வேலையை அவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். என் வீட்டில் சுவரைத் தட்டினாலும் கோதுமை மாவு கொட்டும். சுமதி புதுக் கல், புதுப் பலகை, புதுக் குழவி வாங்கினாள். மில்லில் அரைக்கவில்லை, நமக்கு முன்னால் யார் கோதுமை அரைத்தார்களோ அந்த மாவும் நம் பையில் விழும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்சியில் அரைத்துச் சலித்தோம்.

முதல் நாள் பழக்க தோஷத்தில் பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். கல்லில் போட்டது அப்பளம் மாதிரி நொறுங்கியது. சுமதி மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்து மென்றாள். கீர்த்தனா மரியாதை பார்க்கவில்லை.

"ராகி ரொட்டியே பரவால்ல தாத்தா."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோதுமைக்கு இழுவை உண்டு, அரிசிக்குக் கிடையாது. அரிசி மாவைக் கொதிக்கிற தண்ணீரில்தான் வசத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொழுக்கட்டை பிடிக்கிற எந்த வீட்டிலும் இது தெரியும். சப்பாத்தி மாஸ்டருக்கு மறுநாள்தான் தெரிந்தது.

வெந்நீரில் பிசைந்தது அடுப்படியில் பூ மாதிரி இருந்தது. ஆனால் எங்கள் தொழிலில் அடுப்படிப் பாராட்டுக்கு மதிப்பில்லை. காலையில் சுட்டதை மத்தியானம் டப்பா திறக்கும்போதுதான் மார்க் போடுவார்கள். மத்தியானம் திறந்தேன். சுருட்டினேன். நடுவில் விரிசல் விட்டு இரண்டாகப் போயிற்று.

சுமதிதான் யூடியூபில் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இசப்கோல்னு ஒண்ணு போடறாங்க மாஸ்டர். மெடிக்கல்ல கெடைக்குதாம்."

"அது மலச்சிக்கலுக்குத் துன்றதும்மா."

"அத்தயே ரொட்டியிலயும் போடறாங்க."

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம். இசப்கோல் என்று மெதுவாகத்தான் கேட்டேன். கடைக்காரர் தெரு முனை வரை கேட்கிற குரலில், "இன்னா மாஸ்டர், எத்தினி நாளா போவல?" என்றார்.

"ரொட்டிக்குப்பா."

"ஓஹோ, மருந்த ரொட்டியில வெச்சுத் துன்றியா? அதுவும் நல்ல ஐடியாதான்."

பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

முறை இதுதான். ஒரு டம்ளர் அரிசி மாவுக்கு ஒரு பெரிய ஸ்பூன் இசப்கோல், உப்பு, கொஞ்சம் எண்ணெய். ஒரு டம்ளருக்குச் சற்று மேலாகத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஊற்றிக் கரண்டியால் கிளறி மூடிவிட வேண்டும். கை பொறுக்கிற சூடு வந்ததும் நன்றாகப் பிசைய வேண்டும், ஆறவிட்டால் போச்சு. எண்ணெய் தடவிய இரண்டு பிளாஸ்டிக் கவருக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, நல்ல காய்ந்த கல்லில் போட்டுச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். எடுத்ததைத் துணியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூட வேண்டும். சுடச் சுட டப்பாவில் போட்டால் வேர்த்துக் களியாகிவிடும்.

அன்றைக்கு மத்தியானம் டப்பாவைத் திறந்து, உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டினேன். உடையவில்லை. திரும்பப் பிரித்து மறுபடி சுருட்டினேன். அப்போதும் உடையவில்லை. ஷிப்டு ஷிப்டாகச் சப்பாத்தி போட்ட காலத்தில் எந்தச் சப்பாத்தியும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

பூதம்

ஸ்கூலிலிருந்து டப்பா காலியாக வந்தது. மறுநாளும் காலி. சுமதி எனக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொன்னாள். அந்த வாரக் கடைசியில் கீர்த்தனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள்.

நான் போய் நின்றதும் சுமதி கேட்டாள். "மாஸ்டர், உண்மையச் சொல்லுங்க. ஒரு கைப்புடி கோதுமை கலந்துட்டீங்களா?"

"இன்னாம்மா பேசற?"

"இத்தினி மெத்துனு கீதே, கோதுமை இல்லாம எப்டி வரும்?"

என் தொழிலுக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. அதைவிடப் பெரிய அவமானமும் கிடையாது. "உன் வூட்டு அடுப்புல, உன் கண்ணு முன்னால சுட்டேன், என்னயப் பாத்தா கேக்கற?" என்று கத்திவிட்டேன். கத்தின சத்தத்தில் பிள்ளை அழ ஆரம்பித்தது. பிறகுதான் அதனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஸ்கூல்ல இன்னா கண்ணு துன்ன?"

"ஹரிகாவோட சப்பாத்தி."

ஹரிகா அந்தப் பக்கத்து சீட்டுப் பெண்.

"ஏன், நம்ம ரொட்டி இன்னா ஆச்சு?"

"ஹரிகாவுக்கு நம்ம ரொட்டி ரொம்பப் புடிச்சுப் போச்சு தாத்தா. கேட்டா, குடுத்தேன். சும்மா வாங்க மாட்டா. ஒண்ணு வாங்குனா ஒண்ணு குடுக்கணும், அதான் எங்க பெஞ்சுல ரூலு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. ரொட்டி கல்லாக இருந்தபோது பிடிக்காமல் அடுத்தவளிடம் வாங்கித் தின்றாள். மெத்தென்று ஆனதும் அடுத்தவளுக்குப் பிடித்துப்போய் மாற்றினாள். எப்படிப் பார்த்தாலும் கோதுமை இந்தப் பிள்ளை வயிற்றுக்குத்தான் போகிறது.

"வாங்காதேன்னு எத்தினி தபா சொன்னேன்டி!" என்று கையை ஓங்கிய சுமதி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கே ரிசைன் பண்ணிடறேன் மாஸ்டர். வேற வழி இல்ல."

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பிள்ளையை எப்படித் திட்டுவது? கேட்டவளுக்குக் கொடுத்தது, கொடுத்ததை வாங்கிக்கொண்டது. நம் வீட்டில் நாம் சொல்லித்தரும் பழக்கம்தானே அது.

"ரிசைனெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல ஹரிகா வூட்டக் காட்டு" என்றேன்.

ஹரிகாவின் அம்மா தெலுங்கு, வீட்டிலேயே டைலரிங். விஷயத்தைச் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டார். "அய்யோ, நாக்குத் தெலீது அண்ணா, எனக்குத் தெரியாதே! எங்க பாப்பா டப்பாவுலயா அவளுக்கு விஷம் போயிந்தி?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது விஷம் இல்லம்மா, சப்பாத்தி. ஒரு உதவி பண்ணு. உன் பொண்ணுக்கும் நானே ரொட்டி சுட்டுத் தரேன். ரெண்டு டப்பாவுலயும் ஒரே ரொட்டி இருந்தா, எத்தினி தபா மாத்தினாலும் பயமில்ல."

"சும்மா எப்படி வாங்கறது அண்ணா?" என்றார். பெஞ்சு ரூல் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. வாரா வாரம் பலமனேரில் விளைகிற உருளைக்கிழங்கு ஒரு பை அனுப்புவது என்று பேசி முடித்தோம்.

மறுநாளிலிருந்து ஒரே மாவில் இரண்டு டப்பா. சுமதி ரிசைன் பண்ணவில்லை. தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பத்தியச் சாப்பாடு செய்யும்போது சாப்பிடுகிறவரை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள், பக்கத்தில் உட்காருகிறவருக்கும் சேர்த்துப் பிசையுங்கள்.

போன மாதம் கீர்த்தனாவின் யூனிபார்ம் பாவாடை முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. ஹரிகாவின் அம்மாதான் மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு கீர்த்தனா என்னிடம் காட்ட வந்தாள். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. இன்னும் டப்பா மாற்றுகிறீர்களா என்று கேட்டேன்.

"தினமும் மாத்திக்கறோம் தாத்தா."

"ரெண்டும் ஒண்ணுதானே கண்ணு, எதுக்கு?"

"ஒண்ணு இல்ல தாத்தா. ஹரிகா ரொட்டிதான் டேஸ்ட்டு."

இரண்டையும் சுட்டவன் நான். எனக்கு மறுபடியும் கொஞ்சம் கோபம் வந்தது.