சாமி தூக்கிய தோள்

தேவநாதனுக்கு ஆண்டவன் இரண்டு தோளும் ஒரு முதுகெலும்பும் கொடுத்திருந்தான். முதுகெலும்பைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை; சர்க்கார் உத்தியோகஸ்தர் எதிரே வந்தால் வளைவதற்கென்றே அது படைக்கப்பட்டிருந்தது. வலது தோளுக்குத்தான் சரித்திரம் உண்டு.

கோலியனூரை அடுத்த அந்தக் கிராமத்தில், உற்சவத்தன்று பெருமாள் வீதிக்கு எழுந்தருளும்போது பல்லக்கின் முன்தண்டைச் சுமக்கும் பாத்தியதை தேவநாதன் குடும்பத்துடையது. சுமக்கிறவருக்குத் தலையில் பரிவட்டம், முதல் தீர்த்தம், கழுத்தில் பெருமாள் மாலை. அவருடைய அப்பா சுமந்து சுமந்து தோளில் எலுமிச்சம்பழம் போல ஒரு காய்ப்பு விழுந்தது. மகனுக்குப் பரிவட்டம் வந்தது, காய்ப்பு வரவில்லை. தண்டைத் தோளில் வைத்தாரா, தோளைத் தண்டில் வைத்தாரா என்பது அவருக்குப் பின்னால் சுமந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் மெய்யாகவே பாடுபட்டது வேறு சாமிக்கு. திண்டிவனத்து டிப்டி கலெக்டர் ஏரிக்கரை, வயல்வெளி என்று எங்கே முகாம் போனாலும், ரயிலேறியாவது போய் அவர் தலைக்கு மேல் குடை பிடிப்பார் தேவநாதன். யாரும் கூப்பிடுவதில்லை. டவாலி சேவகன் குடையை வாங்கப் பார்ப்பான், இவர் விடமாட்டார். அதிகாரி நெட்டை, இவர் குட்டை. ஆகவே காலையிலிருந்து வெயில் தாழும் வரை வலது கை ஆகாசத்தைப் பார்த்தபடி நிற்கும். பதிலுக்கு அந்த அதிகாரி இவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அதையும் பெரிய மனிதர்களின் லட்சணம் என்றே இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் வலி வந்தது. தோளின் முன்பக்கம் பிடித்து, கை வழியாக இறங்கிக் கட்டைவிரல் வரை இழுத்தது. தலை துவட்ட முடியவில்லை. மனைவி அம்சவள்ளி வலித்த இடத்திலேயே விளக்கெண்ணெய் தேய்த்தாள், நொச்சி ஒத்தடம் கொடுத்தாள். ஒன்றுக்கும் அசையவில்லை. தேவநாதன் கையைத் துண்டால் கழுத்தில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், பெருமாளைச் சுமந்ததால் வந்த வலி என்று சொன்னார். தர்மகர்த்தா தாண்டவராயன் எளிதில் கண் கலங்குகிறவர். கலங்கினார். சாமிக்காகத் தேய்ந்த தோளுக்கு மரியாதை குறையக் கூடாது, தண்டைப் பங்காளி பெரியதம்பி சுமக்கட்டும், பரிவட்டம் தேவநாதனுக்கே இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

அன்று முதல் பெரியதம்பி சுமந்தான். தேவநாதன் மாலையும் பரிவட்டமுமாக முன்னே நடந்தார். ஊர் அவருடைய தோளைத்தான் கும்பிட்டது. நம்முடைய ஜனங்களுக்குச் சுமக்கிறவனைவிடச் சுமந்தேன் என்கிறவனைப் பிடிக்கும்.

சில வருஷம் பொறுத்த பெரியதம்பி, நாற்பதாம் வருஷம் உற்சவத்துக்கு முன்னால் தர்மகர்த்தாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டான்.

“வலி இருந்தா வைத்தியம் பாருண்ணே. இல்லன்னா தண்டைத் தோள்ல வை. ஊரு முன்னாடி கையைக் கட்டிக்கினு எத்தினி வருஷம்தான் நடப்பே?”

தப்ப வழியில்லை. தேவநாதன் தனியாக விழுப்புரத்துக்குப் போய் எல்.எம்.பி. டாக்டர் பாண்டுரங்கனைப் பார்த்தார்.

அவர் சரியான ஆள்தான். லண்டனில் ஒரு டாக்டர் மனிதத் தசைக்குள் உப்புநீரை ஊசியால் ஏற்றி, ஓர் இடத்தில் குத்தினால் வலி வேறோர் இடத்தில் தெரிகிறது என்று கண்டிருந்தார். அந்தக் கட்டுரையைப் படித்த நாளிலிருந்து பாண்டுரங்கனுக்குத் தூக்கம் போயிற்று. பேதி என்று வந்தவனுக்கும் முதுகை அழுத்திப் பார்த்தார். முடி வெட்ட வந்தவர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினார். அந்தப் பசிக்குத் தேவநாதனின் தோள் தானாக வந்து வாய்த்தது.

வலித்த இடத்தை டாக்டர் தொடவே இல்லை. பின்பக்கம், தோள்பட்டை எலும்பின் மேல் விரலை ஓட்டி, தசையில் கயிறு முறுக்கியதுபோல் இருந்த ஒரு முடிச்சை அழுத்தினார். தேவநாதன் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார். முதுகைத் தொட்டால் தோள் முன்னால் வலிக்கிறதே, கட்டைவிரல் வரை போகிறதே என்று அலறினார். டாக்டர் முகத்தில் பிள்ளை பிறந்த சந்தோஷம்.

“தண்டு உக்கார்ற இடத்துல ஒண்ணுமே இல்லீங்களே. கையை ரொம்ப நேரம் தூக்கிப் புடிச்சிக்கினு நிக்கிறவனுக்குத்தான் இங்க முடிச்சு விழும். எதைத் தூக்குறீங்க?”

“சாமியைத்தான்.”

டாக்டர் நம்பவில்லை, விடை தெரியாத கணக்குபோல அது அவரை அரித்தது. ஆனாலும் முடிச்சில் மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஏற்றினார், வெந்நீர்த் துணி போட்டார், கையை இழுத்து நீட்டிவிட்டார். சில வாரங்கள் போய் வந்ததில் வலி விட்டது. தேவநாதன் வீட்டுக்குள் இரண்டு கையாலும் தலை துவட்டிக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது துண்டை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டார். டாக்டராலும் ஆகவில்லை என்று ஊருக்குச் சேதி. அம்சவள்ளி மட்டும், வலி உள்ளே ஒன்று வெளியே ஒன்றா என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

உற்சவம் வந்தது. பெரியதம்பி தோளில் பெருமாள்; முன்னால் பரிவட்டமும் கட்டிய கையுமாகத் தேவநாதன். தம் வைத்தியம் பலித்த தோளைப் பார்க்கப் பாண்டுரங்கனும் வந்திருந்தார். பல்லக்குத் தெருமுனை திரும்பும்போது டிப்டி கலெக்டரின் கார் வந்து நின்றது. நல்ல வெயில். அதிகாரி இறங்கினார், நெற்றியைத் துடைத்தார். அவ்வளவுதான். தேவநாதனின் கை துண்டை உதறியது, சேவகனிடமிருந்து குடையைப் பிடுங்கியது, நெட்டுக்குத்தாக மேலே போய் நின்றது. மூளைக்குச் சேதி பிறகுதான் போயிருக்க வேண்டும்.

மேளம் நின்றது. அந்த அமைதியில் டாக்டர் குரல் மட்டும் கேட்டது.

“இதுதாங்க! இந்தக் குடைதான்! எதைத் தூக்கினாருன்னு இப்பத்தான் தெரியுது.”

பிறகு, கேட்காமலே, தர்மகர்த்தாவுக்கு முடிச்சைப் பற்றியும் லண்டனைப் பற்றியும் விளக்கினார். தன்னால் ஒருவன் மானம் போகிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை, கண்டுபிடிப்பாளர்கள் அப்படித்தான். சொல்லி முடித்ததும், அதை எழுதிவைக்க அப்போதே விழுப்புரத்துக்குக் கிளம்பிவிட்டார். தாண்டவராயனுக்கு இந்தத் தடவை கண் கலங்கவில்லை. அங்கேயே பரிவட்டத்தை அவிழ்த்துப் பெரியதம்பி தலையில் கட்டினார்.

“குடை புடிக்கிற கைதானே? பெருமாளுக்கும் ஒரு குடை இருக்குது. இனிமே அதைப் புடி.”

பெருமாள் குடை வெண்பட்டு, மூங்கில் காம்பு. டிப்டி கலெக்டர் குடையைப்போல் நாலு மடங்கு கனம். மாலை, தீர்த்தம் எதுவும் அதற்குக் கிடையாது. தேவநாதன் ஒவ்வோர் உற்சவத்திலும் பிடித்தார். மூன்றாம் வருஷம் வலி திரும்பி வந்தது, அதே இடத்தில். விழுப்புரத்துக்குப் போனார். பாண்டுரங்கனின் விரல் தேடாமலே முடிச்சில் போய் நின்றது. இப்போது எந்த அதிகாரிக்கு என்று கேட்டார்.

“அதிகாரி இல்ல டாக்டர். சத்தியமா சாமிக்குத்தான்.”

டாக்டர் ஊசியைக் கொதிக்க வைக்கப் போனார்.

“போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க.”