செயலாளர் வீட்டு நேர்த்திச் சேவல்

மலேரியாக் காய்ச்சலில் பதினோரு நாள் நான் நினைவில்லாமல் கிடந்தபோது, என் மனைவி என்னைக் கேட்காமலே என் உயிருக்கு ஒரு பேரம் பேசி முடித்துவிட்டாள். பினாங்கில் டத்தோ கிராமாட் ரோட்டோரம் தூங்குமூஞ்சி மரத்தடியில் இருக்கிற முனீஸ்வரரிடம் போய், "இவரை எழுப்பி நிறுத்து, என் கையால ஒரு சேவல் வளர்த்துக் கொண்டாந்து உனக்குத் தர்றேன்" என்று வேண்டிக்கொண்டாளாம். பன்னிரண்டாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. கொயினா மருந்துக்கும் இதில் கொஞ்சம் பங்கு இருக்கலாம் என்று மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் விழவில்லை.

சங்கடம் என்னவென்றால், நான் அப்போது எங்கள் வட்டாரத்துச் சீர்திருத்தச் சங்கத்தின் செயலாளர். கோயில்களில் ஆடு கோழி வெட்டுவதைக் கண்டித்துச் சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. அதை எழுதியது என் கை. அதை விளக்கிச் சில மாதம் கழித்துப் பொதுக்கூட்டத்தில் முழங்க வேண்டியது என் வாய். மற்ற உறுப்புகள் இன்னும் எழுந்து நடக்கவே தொடங்கவில்லை.

நேர்த்தி, பலி எதையும் நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் மனைவி போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னாள்: "சேவல் நல்லபடியாப் போய்ச் சேரணுங்க. நடுவுல அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா..." அவ்வளவுதான். வெண்டைக்காய் நறுக்க உள்ளே போய்விட்டாள். வாக்கியத்தை முடித்திருந்தால் நானும் மறுத்துப் பேசியிருப்பேன். முடிக்காத வாக்கியத்தை எப்படி மறுப்பது? அன்று முதல் அந்தச் சேவல் செத்தால் நானும் செத்தேன் என்பது எனக்குள் உறுதியாகிவிட்டது. வெளியே சொல்லவில்லை. சங்கத்தின் மானம் இருக்கிறதே.

சேவல் என்று சொல்லும்போது அது உள்ளங்கை அளவுக் குஞ்சு. பாசார்ச் சந்தையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். வருஷப் பூசைக்கு ஏழெட்டு மாதம் இருந்தது. அதுவரை அதை எங்கே வைப்பது?

எங்கள் பின்கட்டு மொத்தமே ஒரு லாரி நிற்கிற அளவு. அதில் பாதி மனைவியின் தோட்டம்: கத்திரி, வெண்டை, முளைக்கீரை, ஒரு பாகற்பந்தல். மறுபாதி நாய்களுடையது. ஒன்று, ஆபீசில் இருந்த துரை சீமைக்குத் திரும்பும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. இங்கிலீஷில் சொன்னால்தான் உட்காரும். இன்னொன்று பாசாரிலிருந்து தானாக என் பின்னால் வந்தது. எந்தப் பாஷையில் சொன்னாலும் உட்காராது. ஆக, குஞ்சு நாய்களிடமிருந்து தப்ப வேண்டும், கீரை குஞ்சிடமிருந்து தப்ப வேண்டும், நான் மூவரிடமிருந்தும் மனைவியிடமிருந்தும் தப்ப வேண்டும்.

நான் துறைமுகத்துக் கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. எதையும் காகிதத்தில் போடாமல் செய்யத் தெரியாது. சரக்குச் சீட்டுகளின் முதுகில் கூண்டுக்குப் படம் வரைந்தேன். முதல் படத்தில் வேலி. இரண்டாவதில் வேலிக்கு உள்ளே இன்னொரு வேலி. ஐந்தாவது படத்தில் அகழியும் இருந்தது. குஞ்சு அடுப்படியில் கூடைக்குள் வளர்ந்துகொண்டே இருந்தது. மாதம் இரண்டு ஓடியது.

பக்கத்து வீட்டு பாய் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவார். ஏழாவது படத்தை வாங்கிப் பார்த்தார்.

"கிராணியாரே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாசல் எங்க?"

பார்த்தேன். இல்லை.

"சேவலை உள்ள வச்சுத்தான் கட்டுவீங்களோ? தீனி யார் போடுறது, வானத்துலேர்ந்து மலக்கு இறங்கி வந்து போடுவாரா?"

"வாசல் வச்சா நாய் வருமே, பாய்."

"நாயை விடுங்க. மேல கூரை போட்டீங்களா? இங்க மூசாங் வரும். கூரையில இறங்கிக் கழுத்தைக் கடிச்சிட்டுப் போயிடும். போன மாசம் என் பொட்டைக்கோழி நாலு போச்சு."

மூசாங் என்றால் மரநாய். அதுவரை நான் தரைநாய்களை மட்டுமே கணக்கில் எடுத்திருந்தேன். கை தானாக என் கழுத்துக்குப் போனது.

கடைசியில் துறைமுகத்தில் உடைத்துப் போட்ட பெட்டிப் பலகையும் கம்பி வலையும் கொண்டுவந்து, அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்து, நானே ஒரு கூண்டு எழுப்பினேன். வாசல் வைத்தேன். வாசலுக்கு மூன்று கொக்கி. பலகைகளில் 'பத்திரமாகக் கையாளவும்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்த பக்கத்தை, துரைநாய்க்குப் புரியட்டும் என்று வெளிப்புறமாகவே வைத்து அடித்தேன். காலை ஆபீசுக்குப் போகுமுன் இரண்டு தடவை, வந்ததும் ஒரு தடவை உள்ளே குனிந்துபோய்ச் சேவலின் கொண்டை, கண், எச்சம் மூன்றையும் பார்ப்பேன். என் வயிறு சரியில்லாத நாளில் கூட அதன் எச்சத்தைத்தான் பார்த்தேன்.

அந்தக் கூண்டைச் சுற்றி நடந்துகொண்டேதான் பொதுக்கூட்டப் பேச்சையும் மனப்பாடம் செய்தேன். "உயிரைக் கேட்பது கடவுளா? கொடுத்த உயிரைத் திருப்பிக் கேட்பவன் கொடையாளியா?" என்று கையை வீசுவேன். நாய்கள் இரண்டும் எதிரே உட்கார்ந்து கேட்கும். மனைவி கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு சாயங்காலம் சங்கத் தலைவர் நோட்டீஸ் கட்டோடு நேரே பின்கட்டுக்கே வந்துவிட்டார்.

"என்ன செயலாளரே, கோழியெல்லாம் வளர்க்கிறீங்களா?"

"முட்டைக்குத்தான் தலைவரே. காய்ச்சலுக்கு அப்புறம் டாக்டர் முட்டை சாப்பிடச் சொன்னார்."

கூண்டுக்குள் இருந்த ஒரே ஜீவன் அந்த நேரம் பார்த்துக் கழுத்தை நீட்டிக் கூவியது.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "இது சேவல் மாதிரில்ல இருக்கு?"

"சின்ன வயசு. இன்னும் பழகல" என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாயின் குரல் வந்தது: "பழகிட்டா போட ஆரம்பிச்சிடும் லா, தலைவரே!"

கூட்டம் நன்றாக நடந்தது. பலமாகக் கை தட்டினார்கள். எனக்கோ, வீட்டில் மூன்றாவது கொக்கியைப் போட்டேனா என்ற ஒரே யோசனை.

பூசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தச் சனிக்கிழமை வந்தது. அரைநாள் ஆபீஸ் முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன். பின்வாசல் படியில் துரைநாய் உட்கார்ந்திருக்கிறது. வாயில் கருநீலமாக மின்னும் வால் இறகுகள் நாலைந்து. அதற்குப் பின்னால் கூண்டு வாசல் ஆவென்று திறந்து கிடக்கிறது. காலையில் மூன்றாவது தடவையாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொக்கி போடாமல் ஓடியவன் நான்தான்.

இங்கிலீஷில் கத்தினேன். தமிழில் கத்தினேன். மலாயிலும் கத்தினேன். நாய் வாலை ஆட்டியது.

நேரே உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். நாடியைப் பிடித்தேன். முதலில் நாடியே கிடைக்கவில்லை, அப்புறம் கிடைத்தது இரண்டு பேருடைய நாடி போல ஓடியது. உடம்பு சுடுவது போலவும் இருந்தது, குளிர்வது போலவும் இருந்தது. கம்பெனிக்கு யார் தகவல் சொல்வது, சங்கத்துப் பதிவேட்டை யாரிடம் ஒப்படைப்பது என்றெல்லாம் யோசனை ஓடியது. இரங்கல் தீர்மானத்தையும் செயலாளர்தான் எழுத வேண்டும். அதை நினைத்தபோதுதான் உண்மையாகவே கண் கலங்கியது.

"என்னாங்க இது, பட்டப்பகல்ல படுக்கை?" என்றாள் மனைவி.

"சேவல் போச்சு. எனக்கும் நேரமாச்சு."

"கிராணியாரே!" என்று வேலிப்பக்கமிருந்து பாய் கூப்பிட்டார். "நாயைக் கொஞ்சம் பிடிச்சுக் கட்டுங்க, நான் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செஞ்சிட்டு நிக்கிறேன். அப்புறம் உங்க பாகற்பந்தலைப் பாருங்க!"

எழுந்து ஓடினேன், சாகப்போகிறவன் ஓடுகிற ஓட்டமா அது! பந்தலின் உச்சியில், பழுத்த பாகற்காய் ஒன்றை நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தது என் உயிர். முழுசாக இருந்தது, வால் மட்டும் இல்லை. பின்னாலிருந்து பார்த்தால் அவித்த முட்டைக்குக் கால் முளைத்தது போலிருந்தது.

மகிழ்ச்சி அரை நிமிஷம்தான். அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. "வாலில்லாத சேவலைச் சாமி ஏத்துக்குமா? குறை வச்ச காணிக்கை ஆகாதே?"

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காய்ச்சல்ல உங்களுக்குத் தலைமுடி பூரா கொட்டிப்போச்சு. அப்படித்தானே அவரு உங்களைத் திருப்பிக் கொடுத்தாரு? நான் ஏதாச்சும் கேட்டேனா?"

பாய் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவர் மறுபடி ஒளு செய்ய வேண்டியிருந்திருக்கும்.

பூசை நாளன்று சேவலைப் பிரம்புக் கூடையில் வைத்து, சங்கத்து ஆட்கள் கண்ணில் படாமலிருக்க மேலே கீரைக்கட்டை அடுக்கி, ரிக்‌ஷாவில் போனோம். பூசாரி கத்தியோடு நின்றிருந்தார். மனைவி சேவலை எடுத்தாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், சந்நிதி முன்னால் தரையில் விட்டாள். கையை உதறிக்கொண்டு, "போகலாங்க" என்றாள்.

"வெட்டலையா?" என்றேன்.

"இல்ல. உயிரோட விட்டாச்சு."

அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இந்தாம்மா, இதுல விளையாடாத. தர்றேன்னு சொன்னா ஒழுங்காத் தந்துடணும். அரைகுறையா விட்டா சாமி என்ன நினைக்கும்? பூசாரி அண்ணே, நீங்க வெட்டுங்க!"

"நீங்கதானே கூண்டைச் சுத்திச் சுத்திக் கத்துனீங்க? உயிரைக் கேக்குறது கடவுளான்னு. நாலு வாரம் கேட்டேன். நியாயமாத்தான் பட்டுச்சு."

"அது மேடைக்குப் பேசுனது!"

"எனக்கு அது தெரியலைங்க" என்றாள்.

பினாங்கு முழுவதிலும் என் பேச்சைக் கேட்டு மனம் மாறிய ஒரே ஆள் என் வீட்டில்தான் இருந்தாள். பூசாரி கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த வீட்டாரின் சேவலைப் பார்க்கப் போனார்.

சேவல் கோயிலிலேயே தங்கிவிட்டது. அங்கே மூன்று கொக்கி இல்லை, கம்பி வலை இல்லை, வேலி கூட இல்லை. ரோட்டில் பஸ் ஓடுகிறது, நாய்கள் திரிகின்றன, மரத்தில் மூசாங் இருக்காது என்று யார் சொல்ல முடியும்? எனவே தினமும் ஆபீசுக்குப் போகிற வழியில் இறங்கி, ஒரு கைப்பிடி அரிசி போட்டு, கொண்டை, கண், எச்சம் மூன்றையும் பார்த்துவிட்டுப் போகிறேன். இதைத் தலைவர் நாலைந்து தடவை கவனித்திருக்கிறார். ஒரு கூட்டத்தில் எழுந்து, "நமது செயலாளர் கோயில் வாசலிலேயே காவல் நின்று ஓர் உயிரைக் காத்து வருகிறார்" என்று எனக்கு மாலை போட்டார். எந்த உயிர் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பின்கட்டுக் கூண்டில் இப்போது நாய்கள் இரண்டும் படுத்துக்கொள்கின்றன. மனைவி அதன் மேல் புடலைக் கொடியை ஏற்றிவிட்டிருக்கிறாள். சேவலுக்கு வால் திரும்ப முளைத்துவிட்டது. எனக்கு முடி முளைக்கவில்லை.

இன்று காலையில் போனபோது அது இரண்டு தடவை தும்மியது. நான் ஆபீசுக்கு லீவு எழுதி அனுப்பிவிட்டுப் படுத்தபடி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.