ஓசியாவின் பட்டன்

அப்பா முன்னால் நின்று பட்டன்களை அமுக்கினார். மகள் பின்னால் குனிந்து, மல்டிமீட்டரின் முனைகளை வைத்து ஒவ்வொரு இணைப்பையும் சோதித்தாள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அலமாரிக் கதவு அகலத்துக்கு ஒரு பலகை. இடப்பக்கம் பழைய தீர்க்கதரிசிகள் சொன்னவை, வலப்பக்கம் சுவிசேஷத்தில் நடந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன். சரியான ஜோடியை இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால் உச்சியில் விளக்கு எரியும். மீகா சொன்ன பெத்லகேமுக்கு மாட்டுத்தொழுவம். சகரியா சொன்ன கழுதைக்கு எருசலேம் ஊர்வலம். தப்பாக அமுக்கினால் ஒன்றும் ஆகாது. அப்பா மட்டும் தொண்டையைச் செருமுவார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூண்டின் தலைமேல் உட்கார்ந்து சாப்பிட்டே பாதி ஆயுளைக் கழித்தவர். ஓய்வு பெற்றபின் வீட்டில் கால் தரிக்கவில்லை. கழித்துப்போட்ட லிஃப்டுகளின் பட்டன்களைக் கொண்டுவந்து, ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு நடக்கும் வேத வகுப்புக்காக இந்தப் பலகையைச் செய்தார். பிரசங்கத்தில் தூங்கி வழிந்தவர்கள்கூடப் பலகை முன்னால் வரிசையில் நின்றார்கள்.

இருவரும் சோதித்த அன்று ஒரு ஜோடியை மட்டும் அவர் அமுக்கவில்லை. ‘எகிப்திலிருந்து என் பிள்ளையை அழைத்தேன்’ என்ற ஓசியாவின் வரிக்கும், தொழுவத்தில் பிறந்த குழந்தை எகிப்துக்குத் தப்பிப்போய்த் திரும்பியதற்கும் உள்ள ஜோடி. “அது கிடக்கட்டும்” என்றார். மகளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பினாள். அந்த வாரமே மாடிப்படியில் அவர் மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்தது. வகுப்புக்காரர்கள் பலகையைக் கேட்கிறார்கள், எல்லாம் எரிகிறதா பார் என்றாள் அம்மா. எல்லாம் எரிந்தது, ஓசியாவைத் தவிர. பின்பலகையைக் கழற்றினாள். ஒயர் தானாக அறுந்திருக்கவில்லை. கட்டரால் வெட்டி, முனைக்கு டேப் சுற்றியிருந்தது. அப்பாவின் கைதான்.

தொழிற்சாலையில் கருவிகளைச் சோதிப்பது அவள் வேலை. கோளாறுக்குக் காரணம் தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் ஆலயத்துக்குப் போவது எப்போதாவதுதான். ஆனால் அப்பா அப்படி இல்லை. இந்த ஜோடிகள் பொருந்துகின்றன என்பதைப் பிடித்துக்கொண்டே வாழ்ந்தவர். கடைசியில் அவருக்கே நம்பிக்கை விட்டுப்போயிற்றா? அந்த மனநிலையிலா படியேறினார்? ஒயரை அவளே ஒட்டிவிடலாம், பெரிய வேலை இல்லை. கை வரவில்லை. பின்பலகையைப் பூட்டினாள், மறுபடி கழற்றினாள், ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள்.

“உக்காருடி. உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது” என்றாள் அம்மா. பிறகு, “அந்த எதிர்க்கட்சியப் போய்க் கேளு. ரெண்டும் அதுக்குத்தான் முட்டிக்கிட்டு நின்னுச்சுங்க.”

எதிர்க்கட்சி அப்பாவோடு லிஃப்டில் வேலை பார்த்தவர். இப்போது மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வகுப்பில் யார் என்ன சொன்னாலும் எழுந்து நின்று மறுப்பதால் அந்தப் பெயர்.

அவர் ஒளிக்காமல் சொன்னார். ஓசியா அங்கே எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அடிமைகளாய்க் கிடந்த ஜனத்தைக் கடவுள் தன் பிள்ளை என்று எகிப்திலிருந்து கூட்டிவந்ததையும், அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொல்லிப் புலம்புகிறார், அவ்வளவுதான். நடந்து முடிந்த கதைக்கு எதற்கு விளக்கு எரிகிறது என்று வகுப்பிலேயே கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் வெட்டிவிட்டார்.

“அப்போ எல்லாம் பொய்னு நெனச்சுட்டாரா, மாமா?”

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். “பொய்யா? உங்கப்பனா? மறுநாள் கடை தெறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னான். கதை சரிதான்டா, என் ஒயரிங்தான் தப்பு, ரெண்டு பட்டன் பத்தாது, மூணு வேணும்னான்.”

முதலாவது, அந்த அடிமைகள் புறப்பட்டது. அடுத்தது, ஓசியா அதை நினைத்துப் புலம்பியது. மூன்றாவது, குழந்தை அதே வழியாகத் திரும்பியது. முதல் பிள்ளை வழிதவறிய பாதையை இந்தப் பிள்ளை தவறாமல் நடந்து முடித்தது. நிறைவேறியது என்றால் அதுதான், ஜோசியம் பலித்த மாதிரி இல்லை என்று அப்பா வாதாடியிருக்கிறார். எதிர்க்கட்சி ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை என்றார்.

“மனுசனுக்கு ரெண்டு கைதானே, மூணை எப்படி அமுக்குறதுன்னு மடக்கினேன். நீ எதுக்குடா இருக்க, வந்து ஒண்ணை அமுக்குன்னான்.”

சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்துவைத்திருந்த மிக்ஸியை மறுபடி துடைத்தார்.

பலகையில் இருப்பது பழைய மாதிரிப் பட்டன். கடைகளில் இப்போது வருவதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பழைய இரும்புக் கடையில், பிரித்துப்போட்ட லிஃப்ட் ஒன்று வந்திருந்ததாம். மூன்றாவது பட்டனுக்காக அதிலிருந்து ஒன்றைக் கழற்றி வைக்கச் சொல்லியிருந்தார் அப்பா. கழற்றி வைத்திருக்கிறார்கள். அவர் போய் வாங்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.