சகலை வீட்டு மழை

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். கற்றுக்கொடுப்பவரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்குமே, அதை அவரைப் போல மிதித்தவர் யாரும் இல்லை. காரே இல்லாத இடத்திலும் மிதிப்பார். கூட வேலை பார்க்கிற நான் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தால் போதும், அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அடுத்தவன் ஓரடி முன்னே போவது அவருக்கு ஆகாது. மற்றபடி நல்ல மனிதர்.

அந்த வயிற்றெரிச்சலில் முக்கால் பங்கு சகலைக்குத்தான். மனைவியின் தங்கை கணவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வயதில் இளையவர், வீடு, கார், தலைமுடி எல்லாவற்றிலும் ஒரு படி மேலே. அவர் தன் வீட்டு மாடியில் ஹோம் தியேட்டர் வைத்தார். போய்க் கேட்டுவிட்டு வந்த மாஸ்டருக்கு மறுநாள் முகமே செத்துப்போயிருந்தது. ஸ்பீக்கர் எத்தனை, ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்பது வரை பார்த்து வைத்திருந்தார்.

"படத்துல மழை பெய்யுதுய்யா. நனையுதான்னு கையை நீட்டிப் பாக்குறேன். அவனுக்குப் போயி அப்படி ஒரு சத்தமா?"

பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று எதிர்வீட்டுக்காரி அம்மிக்குழவியால் இடித்துக்கொண்ட கதை தொடங்கியது. சகலைக்கு ஐந்து ஸ்பீக்கர் என்றால் இவருக்கு ஏழு. இடிச் சத்தத்துக்கென்றே தனியாக இருக்கும் சப்வூஃபர் பெட்டி சகலைக்கு முழங்கால் உயரம் என்றால் இவருடையது இடுப்பு உயரம். "ரூம் எவ்வளவு பெருசு சார்?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "அதெல்லாம் இருக்கு, நீ போடு" என்றார்.

வீட்டில் இருந்தது ஒரே ஓர் உபரி அறை. அதில் அவர் மனைவி மெஷின் போட்டுத் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக்கொண்டிருந்தார். சுவர் நெடுகத் துணிச் சுருள், மூலையில் பஞ்சு மூட்டை. மாஸ்டர் எல்லாவற்றையும் அள்ளி நடையில் போட்டார். மெஷினுக்கு நானும் ஒரு கை கொடுத்தேன். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பாத்ரூம் போகிறவர்களுக்கெல்லாம் காலை மடக்கி வழிவிட்டுக்கொண்டு அக்கா நடையிலேயே தைத்தார்.

அறைக்குப் பளபளவென்று டைல்ஸ் போட்டார் மாஸ்டர். நடுவில் ஒரு நாற்காலி, சுற்றிலும் ஸ்பீக்கர்கள். பட்டனை அமுக்கினார்.

மழை பெய்தது, ஆனால் தகரக் கொட்டகை மேல் பெய்தது. ஆள் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசினான். ஸ்பீக்கர்களை முன்னே இழுத்தார், பின்னே தள்ளினார், திருப்பி வைத்தார். பிறகு சப்வூஃபரைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, அது எந்த இடத்தில் நன்றாகக் கேட்கிறது என்று தரையில் தவழ்ந்து பார்த்தார். கேட்கிற இடத்தில்தான் அதை வைக்க வேண்டுமாம். சப்வூஃபர் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க, ஐம்பதைத் தாண்டிய மனிதர் அதைச் சுற்றி மண்டிபோட்டுப் போனார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"சகலையைக் கேட்டா என்ன மாஸ்டர்?"

"அவன்கிட்டயா? அதுக்கு நான் செவிடாவே இருந்துட்டுப் போறேன்."

அக்கா தங்கையிடம் போனில் சொல்லிவிட்டார் போல. கூப்பிடாமலே சகலை வந்து நின்றார். அறைக்குள் நுழைந்து ஒரே ஒரு தடவை கைதட்டினார். அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி ணங்கென்று நீண்டது.

"ரூம் மொட்டையா இருக்குண்ணே, சத்தம் அடங்க இடமே இல்ல. முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

"இவ துணி மூட்டைதான்."

"அதுவே சத்தத்தை உறிஞ்சியிருக்குமே! எங்க வீட்லயும் முதல்ல இதே கூத்துதான். அப்புறம் சுவரெல்லாம் கனமா திரை போட்டோம். அதுக்கப்புறம்தான் நீங்க கேட்ட மழை. தச்சுக் குடுத்ததே அக்காதானே, தெரியாதா? வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறீங்களேண்ணே!"

மாஸ்டரின் வலது கால் டைல்ஸை அழுத்தியது. இத்தனை நாள் அவர் பொறாமைப்பட்டது தன் சொந்தப் பெண்டாட்டியின் கைவேலையைப் பார்த்து! அதுவும் அவனுக்கு முதலில் போயிருக்கிறது. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

சகலை போனதும் மாஸ்டர் நடைக்குப் போனார். "அவனுக்குத் தச்சுக் குடுத்ததை எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நாள் கணக்கா இதே வீட்லதான் தச்சேன். மெஷின் சத்தம் காதைக் குடையுதுன்னு கதவைச் சாத்துனீங்க. யாருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மாஸ்டர் பேச்சை மாற்றினார். "எனக்கும் தச்சுக் குடு. அவனோடதைவிட கனமா."

அக்கா நூலைப் பல்லால் அறுத்தார். "தைக்கலாம். அவ்வளவு பெரிய துணியை நடையில விரிக்க முடியாது, ரூமைக் காலி பண்ணுங்க. அப்புறம், ஏற்கெனவே ஆர்டர் குடுத்தவங்க இருக்காங்க. அவங்களுக்குப் பிறகுதான் நீங்க."

ஸ்பீக்கர்களை நானும் அவரும்தான் நடைக்குத் தூக்கிவந்தோம். அவர் முறை இன்னும் வரவில்லை. போன வாரம் போனபோது மாஸ்டர் நடையில், ஏழு ஸ்பீக்கர்களுக்கு நடுவில், பாத்ரூம் போகிறவர்களுக்குக் காலை மடக்கி வழிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே துணிகளுக்கு நடுவே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டியா? ஒவ்வொரு தையலும் தனித்தனியா விழுது" என்று என் காதருகில் முணுமுணுத்தார். "எப்படி ஒரு ரூம் வாய்ச்சிருக்கு பாருய்யா இவளுக்கு!"

கீழே பார்த்தேன். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.