அண்ணி கடை பர்கர்

அந்தக் கடையின் வாசலில் வேறொரு பெயர்ப்பலகை தொங்கினாலும் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அது அண்ணி கடைதான். கல்லாவில் நிற்கும் நாத்தனார், "அண்ணி, ரெண்டு சீஸ் பர்கர், ஒண்ணுல வெங்காயம் வேணாம்!" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்துக் கொடுத்து, சாப்பிட வந்தவர்களுக்கும் அதுவே தொற்றிக்கொண்டது. வயதில் எவ்வளவோ மூத்த தபால்காரர்கூட, "அண்ணி கையில ஏதோ இருக்குப்பா" என்பார். "கையில ஒண்ணும் இல்ல, கறியிலதான் இருக்கு" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அது பொய்யில்லை. தினமும் காலையில் கசாப்புக்கடையில் நின்று, கொழுப்பும் சதையுமாகத் தானே துண்டு பார்த்து எடுத்து, கொரகொரப்பாக அரைத்து வாங்கி வருவாள். முந்தின நாள் கறி அவள் அடுப்பில் ஏறாது. பக்கத்துத் தெரு பேக்கரியிலிருந்து பன் சூடு ஆறுவதற்குள் வந்துவிட வேண்டும். வெண்ணெயில் போட்ட வெங்காயம் தேன் நிறத்துக்கு வரும்வரை தீயைக் கூட்டவே மாட்டாள். "அவசரம்னா பிஸ்கட் வாங்கித் தின்னச் சொல்லு" என்பாள்.

கடையை ஆரம்பித்தது அவள் கணவன். பழைய டயர் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, சுவரில் படிந்த கறுப்பை அவனும் அண்ணியும் அவன் தங்கையுமாகச் சுரண்டித்தான் வெள்ளையடித்தார்கள். பேச்சில் சூரன். அவன் சிரித்துவிட்டால் எதிரே நிற்பவருக்குக் கோபம் நிற்காது. ஆனால் கடை சூடு பிடிப்பதற்குள் அவனுக்கு அது கசந்துவிட்டது. ஒருநாள், "எனக்கு இங்க மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போனான். கொஞ்ச நாளில் விவாகரத்துக் காகிதம் வந்தது. அண்ணி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்ற செய்தி அடுத்து வந்தது.

புருஷனே போன பிறகு அவன் தங்கை எதற்கு இருக்கப் போகிறாள்? மறுநாள் காலை அண்ணி பாத்திரங்களைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கமான நேரத்துக்கு நாத்தனார் வந்தாள். ஏப்ரனை முடிச்சுப் போட்டபடியே பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சட்டியை எல்லாம் உள்ள வெச்சுட்டீங்கன்னா வெங்காயத்தை எதுல வதக்கறது?"

"நீ போகலையா?"

"எங்க?"

"உங்க அண்ணன்கிட்ட."

"அவன் போனா போறான். எனக்கு ஒண்ணும் மூச்சு முட்டல."

அண்ணி சட்டியை வெளியே எடுத்தாள். அதன்பின் இருவரும் அவன் பேச்சையே எடுக்கவில்லை. அவன் போன் செய்தால் நாத்தனார் துண்டித்துவிடுவாள். அண்ணி அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்துவிடுவாள். உள்ளூர அதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வருஷங்கள் ஓடின. ஒரு மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். முன்தலையில் வழுக்கை ஏறியிருந்தது. கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. முன்பற்கள் விழுந்த வாய், சொதசொதவென்று நனைந்த காலுறை.

"என்ன வேணும்?" என்றாள் நாத்தனார், முன்பின் தெரியாதவனைக் கேட்பதுபோல.

"ஒரு வேலையா வந்தோம், மழை பிடிச்சுக்கிச்சு. இவளுக்குப் பசிக்குதாம்."

"அடுப்பு அணைச்சாச்சு."

அவள் முதுகுக்குப் பின்னால் கறி சுர்ரென்று வெந்துகொண்டிருந்தது. தபால்காரர் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

அண்ணி அடுக்களைச் சன்னல் வழியே பார்த்தாள். முதலில் அவனைத்தான் பார்த்தாள். நெஞ்சு ஒருமுறை திக்கென்றது. பிறகு தன்பாட்டுக்கு அடங்கிவிட்டது. அப்புறம்தான் நாத்தனாரைக் கவனித்தாள். அவள் கண் அண்ணன்மேல் இல்லை, அந்தக் குழந்தைமேல் இருந்தது. யாருக்கும் தெரியாமல் கல்லாவுக்குக் கீழே அவள் கை ஏப்ரன் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. சொந்த அண்ணன் மகளை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். இத்தனை நாள் பார்க்காமல் இருந்தது யாருக்காக? அண்ணிக்குச் சுருக்கென்றது.

இருப்பதிலேயே சின்ன பன்னாக எடுத்தாள். சின்னக் கைக்கு அடங்கும்படி கறியைத் தட்டி வேகவைத்து, மேலே வெங்காயம் பரப்பினாள். கூட்ட நேரத்தில் அடுக்களையைவிட்டு வராதவள், தட்டோடு வெளியே வந்தாள். அவனைத் தாண்டிப் போய்த் தட்டை நாத்தனார் கையில் திணித்தாள்.

"அடுப்புல கொஞ்சம் சூடு மிச்சம் இருந்துச்சு. நீயே கொண்டு போய்க் குடு. அத்தை குடுத்தாத்தான் புள்ள கூச்சப்படாம சாப்பிடும்."

"அண்ணி..."

"ஆறிடும், போ."

நாத்தனார் குழந்தையின் முன் மண்டியிட்டாள். "நான் உன் அத்தைடா" என்றாள். சிறுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு முன்னாடி பல்லு இல்ல அத்தை. ஓரத்துல கடிக்கலாமா?"

"எந்த ஓரத்துல வேணா கடி, கண்ணு."

சாஸ் முகவாயில் வழிந்தது. நாத்தனார் அதை ஏப்ரனால் துடைத்தாள். அதே நுனியால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு, எரிச்சலில் "ஐயோ!" என்று துள்ளினாள். முதலில் சிரித்தது தபால்காரர்தான்.

"நல்லா இருக்கியா?" என்று அண்ணியிடம் மெதுவாகக் கேட்டான் அவன்.

"பார்த்தா தெரியலையா? உட்காரு, உனக்கும் போடறேன். சும்மா இல்ல, காசு குடுத்துட்டுத்தான் போகணும்."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "கறி தீஞ்சிடும்" என்று அவள் உள்ளே போய்விட்டாள். சொல்ல வந்ததைக் கேட்டு அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பள்ளி விடுமுறை விட்டால் இப்போது சிறுமி அத்தை வீட்டில்தான். மேசை துடைக்கிறேன் பேர்வழி என்று கடையை ரெண்டாக்குகிறாள். வந்த முதல் நாளே அண்ணியைப் "பெரியம்மா" என்று கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிடச் சொல்லி அவள் அம்மாதான் அனுப்பியிருந்தாள். அதைக் கேட்ட அண்ணி வெகுநேரம் ஒரே தக்காளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனிடமிருந்து போன் வரும். நாத்தனார் கல்லாவில் நின்றபடியே பேசுவாள். அந்த நேரத்தில் அண்ணி, இரைச்சல் போடும் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிடுவாள். புகை கண்ணைக் கரிக்கும். ஆனால் அந்தப் பக்கம் பேசுவது நாத்தனாருக்குத் தெளிவாகக் கேட்கும்.