பூட்டக்கா

எங்கள் சங்கத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்சுகள் நாங்கள், அறுபது பேர். எங்கள் அடையாளம் எந்த அலுவலகத்து அலமாரியிலும் இல்லை. அவரவர் போனில் இருக்கிறது. போகிற வீட்டுக்கு அது காட்டுவது எங்கள் எண், படித்த படிப்பு, புகார் உண்டா இல்லையா, அவ்வளவுதான். பெயரும் முகவரியும் பூட்டில். திறக்க வேண்டுமானால் மூன்று பேரின் சாவியும் சேர வேண்டும். அதில் ஒன்று அக்காவிடம். சாவி கிடைத்த நாளிலிருந்து அவள் வாயும் பூட்டுதான். யாருக்கு யாரோடு சண்டை என்றுகூடக் கசியாது.

அடித்து நொறுக்கும் புருஷனிடமிருந்து தப்பி வந்தவள் நான். அந்தப் பூட்டை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

போன மாதம் ஒரு பெரியவருக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டு நோட்டில் குறிக்க மறந்தேன். அரை மணி கழித்து நோட்டைப் பார்த்து இன்னொன்றும் கொடுத்தேன். புத்தி கெட்டவள்! மனிதர் குளியலறையில் மயங்கி விழுந்தார். நெற்றியில் நாலு தையல்.

வேறு ஊரிலிருக்கும் அவர் மகன் பறந்து வந்தான். அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேராகச் சங்கத்துக்கே வந்துவிட்டான்.

"யாரு அந்த நாப்பத்தேழு? பேரு, வீடு எல்லாம் குடுங்க. நெட்ல போடுறேன், உலகமே பாக்கட்டும்!"

உள்ளே இருந்த எனக்கு அது கேட்டது. பின் அறையில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, நெட்ல போட்டு என் புருஷன் கண்ணுல பட்டா நான் தொலைஞ்சேன். வீட்ல வேற யாரோ குடுத்திருப்பாங்கன்னு சொல்லிடுக்கா."

அக்கா கையை உருவிக்கொண்டாள். "ஏன்டி, உன்ன மறைக்கத்தான் என்கிட்ட சாவி குடுத்திருக்கு. உன் தப்ப மறைக்கவா?"

வெளியே போய் மகனிடம் சொன்னாள்: "தம்பி, என்ன நடந்துச்சுன்னு ஒண்ணுவிடாம சொல்றோம். புகார் அவ எண்ல ஏறும், இனி போற வீடெல்லாம் பாக்கும். கோர்ட்டு கேட்டா மூணு சாவியும் போட்டுப் பேரையும் குடுப்போம். நெட்ல போட வீட்டு அட்ரஸா? தலைகீழா நின்னாலும் கிடைக்காது."

அதற்கு மேல் உள்ளே உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெளியே வந்தேன். "நாப்பத்தேழு நான்தாங்க. ரெண்டாவது மாத்திரையும் நான்தான் குடுத்தேன்."

மகன் என்னைப் படம் பிடிக்கப் போனைத் தூக்கினான். கட்டுப் போட்ட நெற்றியோடு பெரியவர் அதட்டினார்: "உள்ள வைடா அதை. அவ வீட்டை வச்சு நான் என்ன பண்ண? இனிமே ஒழுங்கா எழுதுவாளான்னு கேளு."

"எழுதுவேங்க" என்றேன்.

என் எண்ணுக்குப் பக்கத்தில் அன்றே புகார் ஏறியது. ஒரு வருடம் நிற்கும். அதைப் பார்த்து இரண்டு வீடுகள் வேண்டாம் என்றுவிட்டன. வலிக்கத்தான் செய்கிறது. நின்றுவிட்டுப் போகட்டும், நான் செய்ததுதானே.

ஐந்து வருடமாக அக்கா என்னை ஸ்கூட்டரில் பேருந்து நிறுத்தம் வரைதான் கொண்டுவிடுவாள். வீடு எந்தப் பக்கம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று மாலை நிறுத்தம் வந்தும் நான் இறங்கவில்லை.

"என்னடி, இறங்கு."

"நேரா போக்கா. மூணாவது தெரு, நாலாவது மாடி. டீ போட்டுத் தரேன்."